தனியார் பார்க்கிங் ரிக்கெற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பார்க்கிங் ரிக்கெற் ஒன்று கைக்கு வந்ததும், அதிலுள்ள தொகையைப் பார்ப்பதற்கு முன் அதை அனுப்பியது யார் என்று பாருங்கள். கவுன்சில் அனுப்புவதும் தனியார் நிறுவனம் அனுப்புவதும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இரண்டிலும் பிசிஎன் என்ற மூன்றெழுத்துத்தான் போட்டிருக்கும். கவுன்சிலின் பிசிஎன் என்பது 'பெனல்ற்றி சார்ஜ் நோட்டீஸ்', அதாவது 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைத்துவச் சட்டப்படி விதிக்கப்படும் தண்டம். தனியாரின் பிசிஎன் என்பது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. எங்கள் பலகையில் எழுதியிருந்த நிபந்தனைகளை ஏற்று உள்ளே வந்தீர்கள், பிறகு அவற்றை மீறினீர்கள், ஆகவே ஒப்பந்தப்படி இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு கம்பனி கேட்கும் பணம் அது. அதற்கும் காவல்துறைக்கும் தொடர்பில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளி விழாது. குற்றப் பதிவும் வராது. நீங்களாகக் கட்டாவிட்டால், கடன் கொடுத்த எவரையும் போல அந்த நிறுவனம் கவுன்ரி நீதிமன்றத்தில் வழக்குப்போட்டு வென்றால் மட்டுமே பணத்தை வசூலிக்க முடியும். கவுன்சில் தண்டம் அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் நீதிபதியின் முன் விசாரணை எதுவும் நடக்காமலே, கடனுக்குப் பொருளைத் தூக்கும் பெய்லிஃப் வீட்டு வாசலுக்கு வரக்கூடும். இக்கட்டுரை தனியார் ரிக்கெற்றைப் பற்றியது, அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்துவது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

குப்பையில் போடும் ஆலோசனை

"தனியார் ரிக்கெற்றா? கிழித்துப் போடு" என்று கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் இன்றைக்கும் ஒருவர் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. பழைய சட்டத்தைச் சொல்கிறார். 2012 ஒக்ரோபர் 1 வரைக்கும் வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாமல் நிறுவனத்தால் எவரிடமும் பணம் கேட்க முடியாதிருந்தது. அன்று நடைமுறைக்கு வந்த 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் ஒரு கையால் தனியார் நிலத்தில் சில்லுப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்தது. மறு கையால், ஓட்டியவர் தெரியாதபோது வாகனத்தின் பதிவில் உள்ளவரிடம், அதாவது கீப்பரிடம், பணம் கேட்கும் உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதன் நான்காவது அட்டவணைதான் இந்த விவகாரம் முழுவதற்கும் அச்சாணி.

பிறகு 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணிநேரம் இலவசமாகத் தரிக்கக்கூடிய கடைத்தொகுதியொன்றில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண் கேட்டது நியாயமற்ற தண்டமல்ல என்பது முடிவு. அதைக் காட்டி, நாங்கள் எதைக் கேட்டாலும் செல்லும் என்பதுபோல நிறுவனங்கள் எழுதும். அந்தத் தரிப்பிடத்தில் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் பல இடங்களிலும் இருந்தன என்பது அத்தீர்ப்பின் அடித்தளம். உங்களுடைய இடத்தில் பலகை கையளவாகவும் எழுத்து எறும்பளவாகவும் இருந்தால் அதே தீர்ப்பு உங்கள் பக்கம் பேசும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

ஆதாரம் நாளாக நாளாக மறையும். ஆகவே கடிதம் எழுத உட்காருவதற்கு முன் தரிப்பிடத்துக்கு மறுபடி போய்ப் படம் எடுங்கள். நுழைவாயிலில் சாரதியின் இருக்கையிலிருந்து பலகை தெரிகிறதா, கட்டணத் தொகை எந்த அளவில் எழுதப்பட்டிருக்கிறது, மரக்கிளை மறைக்கிறதா, இயந்திரம் வேலைசெய்கிறதா என்பவற்றையெல்லாம் எடுங்கள். சம்பவம் இரவில் நடந்திருந்தால் இரவில்தான் எடுக்க வேண்டும். வெளிச்சமில்லாத பலகையைப் பகலில் படமெடுத்துப் பயனில்லை. கடைப் பற்றுச்சீட்டு, வங்கிக் கணக்கின் வரி, பார்க்கிங் செயலியில் கட்டியதற்கான பதிவு, கைத்தொலைபேசியின் இடவரலாறு ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் நாள், செய்த வேலை, பிடித்த நேரம், செலவு என்று நான்கு நிரல் போடுங்கள். அது ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

அடுத்ததாக, கடை முகாமையாளரிடம் போங்கள். சுப்பர்மார்க்கெற்றோ உணவகமோ மண்டபமோ, தரிப்பிடத்தின் சொந்தக்காரர் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பல வேளைகளில் ரிக்கெற் இரத்தாகிவிடும். எங்கள் கல்யாண மண்டபங்கள் சிலவற்றில், உள்ளே வரவேற்பு மேசையில் உள்ள திரையில் வண்டி இலக்கத்தைப் பதியவேண்டும் என்பது விருந்தாளிகளுக்குத் தெரியாமலே போய், ஒரே மாலையில் வந்த பலருக்கு ரிக்கெற் வந்த கதைகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவரே எழுதினால் காரியம் விரைவில் முடியும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. என் அனுபவத்தில் இதுவே மிகச் சுலபமான வழி, ஆனால் பலர் கடைசியாக நினைப்பதும் இதைத்தான்.

யார் ஓட்டினார் என்பதை ஏன் எழுதக்கூடாது

இலக்கத்தகட்டைக் கமராவில் பிடித்த நிறுவனம், உங்கள் பெயரையும் முகவரியையும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயிடமிருந்து 2.50 பவுண் கட்டி வாங்குகிறது. டிவிஎல்ஏக்குத் தெரிந்தது கீப்பர் யார் என்பது மட்டுமே. அன்று ஓட்டியது நீங்களா, மனைவியா, ஊரிலிருந்து வந்து நின்ற மைத்துனரா என்பது எவருக்கும் தெரியாது. கீப்பரிடமிருந்து பணம் கேட்க வேண்டுமானால் நான்காவது அட்டவணையின் நிபந்தனைகளை நிறுவனம் பிசகாமல் பின்பற்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் ஒன்றும் ஒட்டாமல் தபாலில் மட்டும் வந்த ரிக்கெற்றானால், தரித்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாட்களுக்குள் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்தால், 28 நாள் கழிந்த பிறகு அதற்கடுத்த 28 நாட்களுக்குள் கீப்பருக்கான கடிதம் வரவேண்டும்.

தபாலில் போட்டபின் இரண்டாவது வேலைநாளில் கடிதம் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். 2025 மார்ச் 3, திங்கட்கிழமை தரித்ததாக வைத்துக்கொள்வோம். பதினான்காவது நாள் மார்ச் 17. கடிதம் மார்ச் 14, வெள்ளிக்கிழமை தபாலில் போடப்பட்டிருந்தால், இரண்டாவது வேலைநாள் செவ்வாய், மார்ச் 18. ஒருநாள் பிந்திவிட்டது; கீப்பர் பொறுப்பு இல்லை. நாட்காட்டியை எடுத்து இந்தக் கணக்கைப் போடாமல் எவரும் பணம் கட்டக்கூடாது. விமான நிலையம், புகையிரத நிலையம் போன்ற, தமக்கென்று உபவிதிகள் உள்ள நிலங்களுக்கு இந்த அட்டவணையே பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்தப் பாதுகாப்பு முழுவதும், "நான் அன்று கடைக்குப் போய் வண்டியை விட்டேன்" என்று நீங்கள் எழுதும் ஒரு வரியில் போய்விடும். ஓட்டியவரே தன்னைக் காட்டிக்கொடுத்தபின் கீப்பர் பற்றிய கேள்விக்கு இடமில்லை. தமிழில் 'வண்டி நிறுத்தப்பட்டது' என்று எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது எங்களுக்குக் கைவந்த கலை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் முதற் சொல்லே 'ஐ' என்று வந்து விழுந்துவிடுகிறது. ஆகவே கடிதத்தைக் கீப்பர் என்ற முறையில் எழுதுங்கள். ஓட்டியவரை 'சாரதி' என்று மட்டும் குறிப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மௌனம் வேறு, பொய் வேறு. சாரதியின் பெயரைத் தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் கூற்றில் ஓட்டியவர் நீங்களாயிருந்தும் நான் ஓட்டவில்லை என்று எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு. அதைவிட ரிக்கெற்றின் 100 பவுண் எவ்வளவோ மலிவு.

மேன்முறையீடு: இரண்டு படிகள்

முதற்படி நிறுவனத்துக்கே எழுதுவது. கடிதத்தின் திகதியிலிருந்து 28 நாட்கள் தருவார்கள். தொகை பெரும்பாலும் 100 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் 60 என்பது அவர்கள் காட்டும் இனிப்பு. அந்த 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்து தோற்றால், வழக்கமாகக் கழிவு விலையை மறுபடி 14 நாட்களுக்குத் திறந்து வைப்பார்கள். ஆகவே கழிவுக்கு ஆசைப்பட்டு உடனே கட்டவேண்டிய அவசரம் இல்லை.

என்ன எழுதுவது? உங்களிடம் உள்ள வலுவான காரணம் ஒன்றைத் தெளிவாக எழுதினால் போதும். 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த தொழிற்துறையின் பொது நடத்தைக் கோவைப்படி, கட்டிய நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடச் சலுகை தரவேண்டும். உள்ளே வந்து பலகையைப் படித்து, நிற்பதா போவதா என்று தீர்மானிக்கவும் ஆகக் குறைந்தது 5 நிமிடம் தரவேண்டும். வண்டி இலக்கத்தைப் பதியும்போது பூச்சியத்துக்குப் பதிலாக 'ஓ' அடித்ததுபோன்ற சிறு பிழையானால் ரிக்கெற்றை இரத்துச்செய்ய வேண்டும். இயந்திரத்தில் வரிசை இருந்ததால் பணம் கட்டப் பிந்தியவர்களிடம் பணம் கேட்கும் வழக்கம் பெரிய சர்ச்சையானதால், கமரா உள்ள தரிப்பிடத்தில் வெளியேறுமுன் கட்டியவருக்குப் பிந்தியதற்காக மட்டும் ரிக்கெற் கொடுக்கக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் கோவை மாற்றப்பட்டது.

கமராவின் பிழையும் உண்டு. என் மைத்துனர் ஒருவர் காலையில் பிள்ளையை வகுப்பில் விட்டுப் போய், மாலையில் கூட்டிவர வந்தார். காலையில் உள்ளே வந்த படத்தையும் மாலையில் வெளியே போன படத்தையும் மட்டும் இணைத்து, ஏழு மணிநேரம் நின்றதாகக் கடிதம் வந்தது. இடையில் வேலையிடத்தில் நின்றதற்கான ஆதாரத்தை அனுப்பியதும் விட்டுவிட்டார்கள். உங்களுக்கு வந்த கடிதத்தில் நம்பமுடியாத நேரம் இருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சொந்த அடுக்குமாடியின் தரிப்பிடத்தில் ரிக்கெற் விழுந்தவர்கள் குத்தகைப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அதில் தரிக்கும் உரிமை எழுதியிருந்தால் பிறகு வந்த கம்பனியின் பலகை அதை அழிக்க முடியாது என்று வாதிடலாம். சாமான் இறக்குவதற்காகச் சிறிது நேரம் நிற்பது தரிப்பது ஆகாது என்றும் 2016இல் ஒக்ஸ்ஃபோர்ட் கவுன்ரி நீதிமன்ற மேன்முறையீடு ஒன்றில் தீர்ப்பு உண்டு. ஊனமுற்றோருக்கான 'புளூ பாட்ஜ்' அட்டை தனியார் நிலத்தில் தானாகச் செல்லாது. ஆயினும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நியாயமான வசதி செய்துதரும் கடமை அந்த நிறுவனத்துக்கும் உண்டு.

நிறுவனம் மறுத்தால் இரண்டாம் படி. அந்த நிறுவனம் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்ற சங்கத்தின் உறுப்பினரானால் மறுப்புக் கடிதத்தில் பொப்லா என்ற மேன்முறையீட்டு அமைப்புக்கான குறியீட்டெண் இருக்கும்; 28 நாட்களுக்குள் இலவசமாக முறையிடலாம். இன்ரநாஷனல் பார்க்கிங் கொமியூனிற்றியின் உறுப்பினரானால் ஐஏஎஸ் என்ற சேவைக்குப் போகவேண்டும். (நம்மூர் கலெக்டர் அல்ல, பெயர் மட்டும்தான் அப்படி.) பொப்லா நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது, அங்கு தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் இந்தப் படிக்குப் போனால் 60 பவுண் என்ற கழிவு விலை பெரும்பாலும் போய்விடும். பலகைகள் ஒழுங்காக இருந்தனவா, அந்த நிலத்தில் ரிக்கெற் கொடுக்க நிலச்சொந்தக்காரர் அனுமதித்த ஒப்பந்தம் எங்கே என்ற இரண்டையும் பொப்லாவில் கட்டாயம் கேளுங்கள்; நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

சிவப்பு எழுத்துக் கடிதங்களும் உண்மையான கடிதமும்

அதன் பிறகு கடன் வசூலிக்கும் ஏஜென்சிகளின் கடிதங்கள் வரும். 100 பவுண் 170 ஆகியிருக்கும். இவர்கள் பெய்லிஃப் அல்லர். வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்க இவர்களுக்கு அதிகாரம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் உங்கள் கடன் மதிப்பெண்ணைத் தொடவும் முடியாது. பதில் எழுதாமல் கோப்பில் போட்டு வையுங்கள்.

ஆனால் 'லெட்டர் பிஃபோர் கிளெயிம்' என்று தலைப்பிட்டு, வழக்குப்போடுவதற்கு முன் அனுப்பும் கடிதம் வேறு வகை. பதிலளிக்க 30 நாட்கள் தரவேண்டும் என்பது விதி. கட்டாயம் பதில் எழுதுங்கள், கடனை மறுக்கிறேன் என்று சொல்லுங்கள், அவர்களிடமுள்ள எல்லாத் தகவல்களையும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தரவேண்டும்.

இங்கேதான் புதிதாக வந்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள். முதல் இரண்டு வருடங்களில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, ஈஸ்ற்ஹாமிலிருந்து ஹரோவுக்கு, என்று இடம் மாறுவது வழக்கம். வி5சி என்ற வாகனப் பதிவுப் புத்தகத்தில் பழைய முகவரியே கிடக்கும். நீதிமன்றப் படிவம் அந்த வீட்டுக்குப் போய்க் கதவடியில் கிடக்க, பதில் வராததால் நிறுவனம் தானாக வென்றுவிடும். வருடங்கள் கழித்து வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் சிசிஜே, அதாவது கவுன்ரி நீதிமன்றத் தீர்ப்பு, ஒன்று ஆறு வருடத்துக்குப் பதிவில் நிற்பது தெரியவரும். வி5சியில் முகவரி மாற்றுவது இலவசம். மாற்றாவிட்டால் 1,000 பவுண் வரை தண்டம். ரிக்கெற் நடந்துகொண்டிருக்கும்போது வீடு மாறினால் நிறுவனத்துக்கும் புதிய முகவரியை எழுத்தில் அறிவியுங்கள், கிடைத்ததற்கான சான்றையும் வைத்திருங்கள். வழக்குப்போட அவர்களுக்கு ஆறு வருட அவகாசம் உண்டு.

நீதிமன்றப் படிவம் வந்தால்

படிவத்தில் உள்ள திகதியை வட்டமிடுங்கள். அத்திகதியிலிருந்து ஐந்தாம் நாள் உங்களுக்குக் கிடைத்ததாகக் கொள்வார்கள். அதன்பின் 14 நாட்களுக்குள் கிடைத்ததை ஏற்று இணையத்தில் பதிந்தால், எதிர்வாதம் எழுத 28 நாட்களாக நீளும். மொத்தம் 33 நாட்கள். ஏற்றுப் பதியும்போது எதிர்வாதத்துக்கான பெட்டியில் ஒரு எழுத்தும் போடாதீர்கள். போட்டால் அதுவே உங்கள் எதிர்வாதமாகிவிடும். கேட்கும் தொகை, 100 பவுண் ரிக்கெற், 70 பவுண் 'வசூல் செலவு', 35 நீதிமன்றக் கட்டணம், 50 சட்டத்தரணி கட்டணம், வட்டி என்று 255க்கு மேல் போயிருக்கும். அந்த 70ஐ எதிர்த்து எழுதுங்கள். நான்காவது அட்டவணைப்படி கீப்பரிடம் கேட்கக்கூடியது கடிதத்தில் குறிப்பிட்ட தொகை மட்டுமே. நீதிபதிகள் எல்லாரும் இதில் ஒரே விதமாகத் தீர்ப்பதில்லை என்றாலும் கேட்காமல் விடுவது முட்டாள்தனம். என்ன நிபந்தனை மீறப்பட்டது என்றே சொல்லாமல் இரண்டு வரியில் எழுதிய வழக்கு நிற்காது என்று 2023இல் லூட்டனில் மேன்முறையீட்டு நீதிபதி தீர்ப்பளித்திருக்கிறார். உங்கள் படிவமும் அப்படியானால் அதையும் சொல்லுங்கள்.

பிறகு, வழக்கை எப்படி நடத்துவது என்று கேட்கும் என்180 படிவம் வரும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அதிலேயே குறிப்பிட வேண்டும். இதுபோன்ற சிறு தொகைக்கான 'சிறு கோரிக்கை' வழக்குகளில் நீங்கள் கூடவே இருக்க, உறவினரோ நண்பரோ உங்களுக்காகப் பேசவும் சட்டம் அனுமதிக்கிறது. 2024 மே 22 முதல் தொடங்கிய வழக்குகளில் தொலைபேசிச் சமரசம் கட்டாயம். கலந்துகொள்வதுதான் கட்டாயம், பணம் கொடுக்க ஒப்புவது கட்டாயமல்ல. வழக்கு உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மாறியதும் நிறுவனம் விசாரணைக் கட்டணம் கட்டவேண்டும். பல வழக்குகள் இந்த இடத்தில் கைவிடப்படுவதுண்டு. கைவிடாவிட்டால், படங்களோடு சாட்சிக் கூற்றை நீதிமன்றம் சொன்ன நாளுக்குள் நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்புங்கள். விசாரணை ஒரு சிறிய அறையில், மேசையைச் சுற்றி இருந்து பேசுவதாகவே இருக்கும்.

செலவைத் திரும்பப் பெறுதல்

சிறு கோரிக்கை வழக்கில் வென்றாலும், நீங்கள் பட்ட பாடு முழுவதற்கும் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாதாரணமாகக் கிடைப்பது விசாரணைக்குப் போன போக்குவரத்துச் செலவு, நீதிமன்றத்துக்கு அருகில் வண்டி தரித்த கட்டணம் (ஆம், அதுவும்), சம்பளம் இழந்திருந்தால் நாளொன்றுக்கு 95 பவுண் வரை. சம்பளத்துக்கு வேலைகொடுத்தவரின் கடிதமோ சம்பளச் சீட்டோ கொண்டுபோக வேண்டும். கையில் காசாக வாங்கும் வேலையானால் இதை நிரூபிப்பது கடினம்.

கடிதம் எழுதிய, ஆதாரம் தேடிய மணிநேரங்களுக்கும் கேட்கவேண்டுமானால், எதிர்த்தரப்பு நியாயமற்ற முறையில் நடந்துகொண்டது என்று காட்டவேண்டும். சிவில் நடைமுறை விதி 27.14(2)(ஜி) அதற்கானது. வழக்கில் தோற்றது மட்டும் நியாயமற்ற நடத்தை ஆகாது. பணம் கட்டிய பதிவை நீங்கள் இரண்டு முறை அனுப்பியும் பார்க்காமல் வழக்குப்போட்டது, விசாரணைக்கு முதல்நாள் காரணமின்றிக் கைவிட்டது போன்றவற்றுக்கு நியாயமான விளக்கம் ஏதாவது உண்டா என்பதே நீதிபதி கேட்கும் கேள்வி. முதல் வாரத்தில் போட்ட நான்கு நிரல் பட்டியல் இங்குதான் பயன்படும். அதைச் செலவுப் பட்டியலாக எழுதி விசாரணைக்கு முன்னரே நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்புங்கள். கைவிட்ட அறிவித்தல் வந்தால், செலவு தானாகக் கிடைக்கும் என்று காத்திராமல் உடனே நீதிமன்றத்துக்கு எழுதுங்கள்; மற்ற வழக்குகளில் கைவிடுபவர் செலவு கொடுப்பது பொதுவிதி, சிறு கோரிக்கையில் அவ்விதி பொருந்தாது.

பழைய முகவரியால் சிசிஜே விழுந்தவர்கள் என்244 படிவத்தில் தீர்ப்பை நீக்கக் கேட்கவேண்டும். கட்டணம் 300 பவுணுக்கு மேல். வருமானம் குறைந்தவர்கள் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தெரிந்த நாளிலிருந்து தாமதிக்காமல் செய்ததும், முகவரியைச் சரிபார்க்க நிறுவனம் முயலவில்லை என்பதும் நிரூபணமானால் அக்கட்டணத்தை நிறுவனமே தரவேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள். பயந்து முதலிலேயே கட்டிவிட்டவர்களின் நிலைதான் இரங்கத்தக்கது. கட்டியதோடு விவகாரம் முடிந்ததாக நிறுவனம் கொள்ளும், மேன்முறையீட்டு வாய்ப்பும் மூடிவிடும்.

நீதிபதி செலவுத்தொகை உத்தரவிட்டால், வேறு திகதி சொல்லாதவிடத்து 14 நாட்களுக்குள் நிறுவனம் கட்டவேண்டும். கட்டாவிட்டால், அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து பெய்லிஃப்பை அவர்களுடைய அலுவலகத்துக்கு அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு நீங்கள் கட்டும் கட்டணமும் அவர்கள் தரவேண்டிய கடனோடு சேரும்.